பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். இவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆட்டிசம் பரிசோதனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அம்மாக்கள் பலரும் கேட்ட பேச்சு இது. சொல்கிற மாமியாருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும் கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் பாசத்தில் செய்வதுதான். ஆனால், அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பிள்ளையின் மூளை வேகமாக வளர்கிற வருஷம் அது.

பேச்சு வருமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஒரு வயது தாண்டியும் பெயர் சொன்னால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதில் நிலாவையோ நாயையோ விரல் நீட்டிக் காட்டவில்லையா? பிஸ்கட் வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப் போகிறதா? பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா? பேசிய நாலைந்து சொல்லும் நின்றுபோனதா? அப்படியென்றால் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே முதலில் சொல்லலாம். அந்தக் குழு இயங்குகிற, 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிவதும் அடங்கும். அங்கிருந்து டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கும், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகிறவர்கள் உண்டு. ஆவடியிலிருந்து முட்டுக்காடு என்றால் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அன்றைய சம்பளமும் போகும்.

முதலில் பார்ப்பது பெரும்பாலும் காதுதான். காது கேட்காத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது அல்லவா? பெரா என்ற அந்தச் சோதனையின்போது பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதற்காக முந்தைய இரவு அதிகம் தூங்கவிடாமல் கூட்டி வரச் சொல்வார்கள். கண்ணைக் கசக்கும் பிள்ளையை மின்சார ரயிலில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அழும் பிள்ளையை அம்மா சீண்டிக்கொண்டே இருக்கிறாளே என்று முணுமுணுப்பார்கள்.

ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பிள்ளையின் நடத்தையைக் கவனிப்பதும், பெற்றோர் சொல்வதைக் கேட்பதும்தான் வழி. 2009-இல் வெளியான ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. உளவியலாளர் பிள்ளையைப் பார்ப்பதோ கொஞ்ச நேரம். புது அறை, புது முகம், மிரண்டு அழும் பிள்ளை. ஆகவே அம்மா சொல்வதுதான் அங்கே முக்கியச் சாட்சி. "நீங்க சும்மா பயப்படுறீங்க" என்று அதை ஒதுக்கும் மருத்துவர் தன் கையிலிருக்கும் முதன்மையான கருவியையே கீழே வைக்கிறார். வீட்டில் பிள்ளை விளையாடுவதை, கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள். எந்த மாதத்தில் எந்தச் சொல் வந்தது, எப்போது நின்றது என்று எழுதியும் வையுங்கள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் பழி வரும். போனைக் கொடுத்தே கெடுத்தாள், வேலைக்குப் போனாள், தடுப்பூசி போட்டாள். பாசமில்லாத அம்மாவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-இல் எழுதிய நூல் அந்த வாதத்தை உடைத்தது. தடுப்பூசிமேல் சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை 'லான்செட்' இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. ஒன்றரை வயதை ஒட்டி ஊசி போடுகிறோம். அறிகுறிகள் கண்ணில் படுவதும் ஏறக்குறைய அதே வயதில். அவ்வளவுதான். போனைக் குறைத்தால் பிள்ளையோடு பேசி விளையாட நேரம் கிடைக்கும், குறைக்கத்தான் வேண்டும். ஆனால், ஆட்டிசத்துக்குக் காரணம் அம்மா இல்லை.

"பேப்பர்ல எழுதிட்டா பிள்ளை வாழ்க்கை போச்சே" என்று அஞ்சி ரிப்போர்ட்டே வாங்காமல் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ அறிக்கை வேறு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. அறிக்கை வாங்கினால் சான்றிதழும் வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. ஸ்பீச் தெரபியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் அறிக்கைக்கோ சான்றிதழுக்கோ காத்திராமல் தொடங்கலாம். ஆனாலும் சான்றிதழால் பயன் உண்டு. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்ட உரிமை. நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று. அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ரயிலில் மூன்று ஸ்டேஷன் தாண்டினால் சான்றிதழ் முகாம் நடத்தும் மாவட்டமே வேறு. வாடகை வீடு மாறியவர்கள் ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது, அதற்கு எந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு, பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.