மங்கிய திரையும் கண் உளைச்சலும்

அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் கணவரை அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் சகோதரிகள் அநேகம். சவூதியும் கட்டாரும் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வேலை முடிந்து, சாப்பிட்டு, எட்டரைக்கு அவர் அழைத்தால் இங்கே இரவு 11 மணி. பிள்ளைகள் உறங்கும் அறையில் விளக்கை அணைத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தையும் கடைசி மட்டும் குறைத்துக்கொண்டுதான் முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. காலையில் தலையிடி. "வெளிச்சத்தைக் குறைத்துத்தானே பார்த்தேன்?" என்பார்கள்.

சிலருக்கு அந்தக் குறைத்தலே காரணமாக இருக்கலாம்.

இன்றைய தொலைபேசிகள் பலவற்றில் இருப்பது ஓ.எல்.ஈ.டி. திரை. வெளிச்சத்தைக் குறைத்தால் இவற்றில் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூடத் திரை மங்கலாகத் தெரியும். பல போன்களில் இது செக்கனுக்கு 240 தடவை. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை சிமிட்டியது. 1989இல் ஆர்னோல்ட் வில்கின்ஸ் குழுவினர் பிரித்தானிய அலுவலகமொன்றில் அந்த விளக்கை மாற்றி, மிக வேகமாக எரியும் வகையைப் பொருத்திப் பார்த்தார்கள். தலையிடியும் கண் களைப்பும் பாதிக்கும் கீழே இறங்கின.

எல்லோரையும் இது பாதிப்பதில்லை. கண் பழுதாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. வீணாகப் பயப்பட வேண்டாம்.

உங்கள் போன் எப்படி என்று அறிய, திரையை மங்கவைத்து இன்னொரு போனின் கமராவால் பாருங்கள். கறுப்புக் கோடுகள் ஓடினால் அது சிமிட்டும் திரை. வெளிச்சத்தைக் கூட்டும்போது கோடுகள் பெரும்பாலும் மெலியும். ஆகவே திரையைப் பாதிக்கு மேல் வைத்து, அறை மூலையில் சிறு விளக்கொன்றை எரியவிடுங்கள். சில போன்களின் செட்டிங்ஸில் சிமிட்டலைக் குறைக்கும் வசதியே உண்டு. வீட்டிலுள்ள மூத்த பிள்ளையிடம் சொன்னால் தேடித் தரும்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, பற்றரியை மிச்சம் பிடிக்கத் திரையை மங்கவைத்த பழக்கத்தையும் இனி விட்டுவிடலாம்.

சிமிட்டல் மட்டும்தான் காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைகிறது, கண் காய்ந்து எரிகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாசிக்கும் கண்ணாடி தேவைப்பட்டிருக்கலாம். இத்தனையும் செய்து பார்த்தும் தலையிடி நீங்காவிட்டால், கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். போகும்போது அந்தப் போனையும் கையில் கொண்டுபோய், எந்நேரம், எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.