ஆளுநர் மாளிகை, தரங்கம்பாடி

காரைக்காலிலிருந்து வடக்கே நண்டலாற்றைக் கடந்து வந்தவர்கள் இப்போது நிற்பது டேனிஷ் ஆளுநர்களின் வீட்டு வாசலில். தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டைக்குள்தான் முதலில் அவர்கள் குடியிருந்தார்கள். 1784 முதல் இங்கே.

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. 1860-இல் இங்கிருந்த மாவட்டத் தலைமையிடம் தஞ்சாவூருக்கு மாறியது. ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது. துறைமுகம் ஓய்ந்தது, வீடும் பின்னாளில் பாழடைந்தது.

இப்படிப்பட்ட வீடு ஒரே நாளில் விழுவதில்லை. இக்கரையின் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரச்சட்டங்கள்மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இடுவார்கள். ஒரு விரிசலை அடைக்காமல் விட்டால் போதும். ஐப்பசி மழை உள்ளே இறங்கும், சுவருக்குள் புதைந்த சட்டத்தின் நுனி மக்கும், கூரை உட்காரும். பிறகு காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று சுவரைப் பிளக்கும். உப்புக் காற்று ஓயாமல் சாந்தை உதிர்க்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு, தமிழக அரசும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் கைகோத்து இதை மீட்டன. பழைய சுவருக்குச் சுண்ணாம்பே உகந்தது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உள்ளுக்குள் பொடியும். இதைக் கொத்தனார்களின் கை நன்றாக அறியும்; அந்தக் கைகள் குறைந்துவருவதுதான் எங்கள் பெரிய கவலை.

திரும்பும் வழியில் காரைக்காலின் பழைய தெருக்களிலும் கொஞ்சம் நடந்து பாருங்கள். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. பூட்டிய கதவுக்கு மேலே காரை பெயர்ந்த இடத்தில் அரசந்தளிர் தெரிகிறதா என்று பாருங்கள்.