கப்பல் மூழ்கினால் உயிர் தப்புவது எப்படி? 280 பேரை பலி வாங்கிய 'திலாவா' சொல்லும் பாடம்

போடிநாயக்கனூர்:

போடி மலையில் விளையும் ஏலக்காய் அரபு நாடுகளுக்கு கப்பலில்தான் போகிறது. அந்த கப்பலில் வேலை பார்க்கிறவங்க உயிருக்கு என்ன உத்தரவாதம்? 2023-ம் ஆண்டு கடைசியில் இருந்து செங்கடல் பக்கம் போன சரக்கு கப்பல்களை ஏமன் நாட்டின் ஹவுதி படையினர் ஏவுகணை வீசி தாக்கினர். சில கப்பல்கள் மூழ்கியே போய்விட்டன.

கடல் இல்லாத ஊருக்கு இது எதுக்கு என்று நினைக்க வேண்டாம். நம்ம வீட்டு பையனும் நாளைக்கு கப்பல் வேலைக்கு போகலாம்.

திரும்ப ஏறியவர்கள் கதி

2-ம் உலகப்போர் நேரம். 1942 நவம்பர் 20-ந் தேதி பம்பாயில் இருந்து 958 பேருடன் ஆப்பிரிக்காவுக்கு கிளம்பியது 'திலாவா' கப்பல். 23-ந் தேதி ஜப்பான் நீர்மூழ்கி கப்பல் டார்பிடோ குண்டு வீசியது. படகில் இடம் பிடிக்க எல்லோரும் முண்டியடித்ததில் பல உயிர்கள் போயின. ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. 'இனி பயமில்லை' என்று சிலர் கப்பலுக்கே திரும்பினார்கள். அடுத்த குண்டு பாய்ந்தது. கப்பல் மூழ்கியது. மொத்தம் 280 பேர் பலியானார்கள். தப்பியவர்களில் பெரும்பாலானோரை 2 நாள் கழித்து 'பர்மிங்காம்' என்ற இங்கிலாந்து போர்க்கப்பல் மீட்டது.

முண்டியடிக்க கூடாது, விட்ட கப்பலுக்கு திரும்ப கூடாது. இதுதான் முதல் பாடம்.

செய்ய வேண்டியது என்ன?

* 7 முறை குட்டையாகவும், ஒரு முறை நீளமாகவும் சங்கு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். கனமான உடுப்பு போட்டு, அதற்கு மேல் லைப் ஜாக்கெட்டை இறுக்கி கட்டிக்கொண்டு தன் படகு இருக்கும் இடத்துக்கு போகணும்.

* முடிந்தவரை ஏணி, கயிறு பிடித்து இறங்கணும். குதிச்சே ஆகணும் என்றால் கீழே பார்த்துட்டு, ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறு கையால் ஜாக்கெட்டை அமுக்கிப் பிடித்து, கால் முதலில் படும்படி குதிக்கணும்.

* கப்பலை விட்டு சீக்கிரம் விலகணும். தண்ணீரில் எண்ணெய் எரிந்தால் காற்று வரும் திசையை நோக்கி நீந்தணும்.

* தண்ணீருக்குள் குண்டு வெடிக்கும் என்ற பயம் இருந்தால் மல்லாந்து மிதக்கணும். இல்லாவிட்டால் அதிர்ச்சி வயிற்றை தாக்கும்.

* மழையில் நனைஞ்சு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு குளிரின் கொடுமை தெரியும். கடலில் அது ஆளையே கொல்லும். சும்மா நீந்தி உடம்பு சூட்டை வீணாக்காமல் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கணும். பல பேர் இருந்தால் ஒட்டி இருக்கணும்.

* எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல் தண்ணீரை குடிக்க கூடாது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதை வெளியேற்ற உடம்பில் உள்ள தண்ணீரும் சேர்ந்து போய்விடும். காயம் பட்டவர்களை தவிர மற்றவர்கள் முதல் 24 மணி நேரம் இருக்கும் நல்ல தண்ணீரையும் தொடாமல் சேமிக்கணும். மழை பெய்தால் பிடித்து வைக்கணும்.

133 நாள் தனி ஆளாக

திலாவா மூழ்கிய அதே நாளில் அட்லாண்டிக் கடலிலும் ஒரு கப்பல் மூழ்கியது. அதில் இருந்த பூன் லிம் என்ற சீன ஊழியர் மிதவையில் தனியாக 133 நாள் உயிரோடு இருந்தார். கித்தான் துணியில் மழைத்தண்ணீர் பிடித்தார். டார்ச் லைட் கம்பியை தூண்டிலாக வளைத்து மீன் பிடித்தார்.

2024 மார்ச் 6-ந் தேதி ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்பிடன்ஸ்' கப்பல் தாக்கப்பட்டு 3 பேர் பலியானார்கள். கப்பலை விட்டு இறங்கி மிதவையில் தத்தளித்தவர்களுடன் சேர்த்து 21 பேரை நம் கடற்படையின் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மீட்டது. அதில் ஒருவர் இந்தியர் என்பது குறிப்பிடத்தக்கது.

கப்பலை விட்டு இறங்கும் ஒத்திகையில் ஊழியர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையாவது கலந்துக்கணும் என்பது சர்வதேச விதி. கப்பல் வேலைக்கு போகும் பையன் போனில் பேசினால் சாப்பிட்டியா என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. 'உன் படகு எது, எந்த பக்கம் இருக்கு?' என்றும் கேளுங்க. யோசிக்காமல் பதில் சொன்னால் நிம்மதியாக தூங்கலாம்.