கறுப்பு கோட்டுக் கம்பெனிகள் – 6: அட்வான்ஸைப் பங்கு போட்டவர்கள்

ஷெஃபீல்டு நகரத்து சாலிசிட்டர் அலுவலகம் ஒன்று, கைகோத்துக் கைகோத்து டி.எல்.ஏ. பைப்பர் என்ற உலக நிறுவனமான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கிருந்து பென்னைன் மலையைத் தாண்டினால் மான்செஸ்டர். அதே ஆசையோடு அங்கே கிளம்பிய ஹாலிவெல்ஸ் நிறுவனம் 2010இல் கவிழ்ந்தது. ஆசை ஒன்றுதான், பணத்தைக் கையாண்ட விதம் வேறு.

பிரிட்டனில் வக்கீல் நிறுவனங்கள் பெரிதாகவே சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. சாலிசிட்டர் நிறுவனத்தில் 20 கூட்டாளிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு 1967இல்தான் போனது. விளம்பரம் செய்ய 1984இல் அனுமதி வந்தது. அதன் பிறகு லீட்ஸ், மான்செஸ்டர் நிறுவனங்களுக்குத் துணிச்சல் பிறந்தது. கம்பெனி கைமாற்றமோ வங்கிக் கடன் பத்திரமோ, லண்டனைவிடக் குறைந்த கட்டணத்தில் இங்கேயே முடித்துத் தருகிறோம் என்று வாடிக்கையாளர்களை இழுத்தார்கள்.

ஹாலிவெல்ஸும் அப்படித்தான் வளர்ந்தது. மான்செஸ்டரைத் தவிர லிவர்பூல், ஷெஃபீல்டு, லண்டன் என்று கிளைகள். ரியல் எஸ்டேட் வேலையும் கம்பெனி வேலையும் கொழித்த காலம் அது. 2007இல், ஸ்பின்னிங்ஃபீல்ட்ஸ் என்ற புது வணிக வட்டாரத்தில் பளபளப்பான கட்டடத்துக்குக் குடிபோனார்கள்.

நம்மூரில் குடிவருகிறவர் வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பார். அங்கே பெரிய குத்தகைகளில் இது தலைகீழாகவும் நடக்கும். நீண்ட காலத்துக்குக் கையெழுத்துப் போடும் நிறுவனத்துக்குக் கட்டடக்காரரே பணம் தருவார். ஹாலிவெல்ஸுக்கு அப்படி வந்தது சுமார் 2 கோடி பவுண்டு. பின்னால் கட்டவேண்டிய வாடகைக்குக் கைகொடுத்திருக்க வேண்டிய தொகை. அதில் பெரும்பகுதியை மேல்மட்டக் கூட்டாளிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.

இது எவ்வளவு ஆபத்து என்பது, வக்கீல் ஆபீஸில் காசு வரும் வழியைப் பார்த்தால் விளங்கும். அங்கே ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, 6 நிமிடத்தை ஒரு யூனிட் என்று எழுதுவார்கள். வாடிக்கையாளர் போனில் 12 நிமிடம் பேசினால் டைம் ஷீட்டில் 2 யூனிட். அந்த யூனிட் பில்லாக மாதக்கணக்கில் ஆகலாம்; பில்லுக்குப் பணம் வர இன்னும் சில மாதம். சம்பளமோ மாதா மாதம் போட்டாக வேண்டும். புதிதாகப் பத்துப் பேரைச் சேர்த்தால், அவர்கள் உழைப்பு ரொக்கமாகும்வரை நிறுவனம்தான் தாங்க வேண்டும். ஆகவே வேகமாக வளரும் அலுவலகத்துக்குத்தான் கையிருப்பு அதிகம் தேவை.

2008 நிதி நெருக்கடி வந்தது. ரியல் எஸ்டேட்டும் கம்பெனி கைமாற்றமும் ஒரே நேரத்தில் படுத்தன. வாடகை மட்டும் குறையவில்லை. வங்கிக் கடன் கழுத்தை நெரிக்க, 2010 ஜூலையில் நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஹில் டிக்கின்சன், கென்னடிஸ் போன்ற போட்டி நிறுவனங்கள் ஆட்களையும் வேலையையும் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டன.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. கூட்டாளி என்பவர் இந்த வருட லாபத்தில் இந்த வருடமே பங்கு கேட்பவர். எடுக்காமல் விட்டுவைத்தால், அதன் பலன் பத்து வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்காரப்போகும் யாரோ ஒருவருக்கு. அதற்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? கிளை திறக்கத் தீர்மானம் போடுவது சுலபம்; அதற்காக ஒரு வருடப் பங்கைக் குறைத்துக்கொள்வோம் என்று தீர்மானம் போடுவதுதான் கஷ்டம்.

உள்ளே இருப்பவர்கள் பணத்தை விட்டுவைக்க மாட்டார்கள் என்றால், வெளியாரிடம் வாங்கினால் என்ன? வக்கீல் அல்லாதவர்களும் வக்கீல் நிறுவனத்தில் பங்கு வைத்திருக்க, இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் கதவைத் திறந்தது. லிவர்பூலில் 1977இல் தொடங்கிய டி.டபிள்யூ.எஃப். நிறுவனம், 2019இல் லண்டன் பங்குச்சந்தைக்கே போனது. பங்குதாரர்கள் முன்னால் வக்கீல்கள் கணக்குச் சொல்ல நேர்ந்த அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)