நரம்புத் தளர்ச்சி: சுவரொட்டி கட்டமைக்கும் உடல்

'ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, ரகசிய ஆலோசனை' என்று லாட்ஜ் பெயரும் தேதியும் போட்ட சுவரொட்டிகளைப் புதுக்கோட்டைப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் சுவர் பேசிக்கொண்டேயிருக்கிறது. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது 'தளர்ச்சி' என்கிற சொல். உடலியல் சொல்வதை அது அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது.

ஆண்குறிக்குள் இருப்பது பஞ்சு போன்ற திசு. அதன் ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகள் சாதாரணமாக இறுகியே இருக்கின்றன. கிளர்ச்சியின்போது தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகின்றன. தசைகள் தளர்கின்றன, ரத்தம் பாய்கிறது. ஆக, விறைப்பு என்பதே தசைகளின் ஒரு தளர்ச்சிதான். 1998இல் விற்பனைக்கு வந்த வயாகராவும் இந்தத் தளர்ச்சியை நீட்டிக்கிறதே தவிர, ஆசையை உண்டாக்குவதில்லை.

எதிர்த்திசையில் வேலை செய்வது பரிவு நரம்பு மண்டலம். பாம்பைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அதே வேகத்தில் நார்அட்ரினலின் இந்தத் தசைகளை இறுக்கிவிடுகிறது. 'ஓடுடா, இப்ப அதுக்கு நேரமில்ல' என்கிறது உடல். பாம்புக்கும் தண்டல்காரனுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த மருத்துவ மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் இந்த இறுக்கத்தைத் தடுக்கும் மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, விளைவை மேடையிலேயே காட்டினார். ஆசையோ தொடுகையோ தேவைப்படவில்லை. இறுக்கம் விலகியதே போதுமாயிருந்தது.

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவன் இரண்டு வருஷம் கழித்து ஒரு மாத லீவில் வருகிறான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் பாக்கி. திரும்பிப் போக வேண்டிய தேதி டிக்கெட்டிலேயே இருக்கிறது. முதல் ராத்திரி முடியாமல் போனால், மறுநாள் ராத்திரி 'நேத்து மாதிரி ஆயிருமோ' என்கிற பயம் அவனுக்கு முன்பே கட்டிலில் படுத்திருக்கிறது. இப்படித் தன்னைத்தானே வேடிக்கை பார்க்கும் நிலையை மாஸ்டர்ஸ்-ஜான்சன் ஆய்வாளர்கள் 1970இலேயே விவரித்தார்கள். ஃபூக்கோ பேசிய கண்காணிப்பை இங்கே ஒருவன் தன் உடல்மீதே நடத்துகிறான். லாட்ஜ் வைத்தியர் அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் வைத்துக் காசாக்குகிறார். கடனோடு கடன் சேர்கிறது. ஆனால் 'வயித்துல புழு பூச்சி உண்டா' என்ற கேள்வி அவனிடம் போவதில்லை. அதை வாங்கிக் கட்டிக்கொள்பவள் அவள்.

எல்லாமே மனசு என்று தள்ளிவிடவும் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். விடியற்காலை விறைப்பு வழக்கம்போல இருந்து, துணையோடு மட்டும் தவறினால் அது பெரும்பாலும் பதற்றத்தின் வேலை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நேரத்திலும் குறைந்துவந்தால் ரத்தக்குழாய்களைச் சோதிக்க வேண்டும். மாரடைப்புக்குச் சில வருஷம் முந்திய எச்சரிக்கையாகக்கூட அது இருக்கலாம். புதுக்கோட்டையில் 2017இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பதற்கு வெட்கப்படுகிறவன் லாட்ஜ் மாடிப்படி ஏறுகிறான் என்றால், அந்த வெட்கத்தை உற்பத்தி செய்வது எது என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஆண்மை என்கிற சொல்லே பெண்ணை இழிவுபடுத்துவது, அது அழியாமல் பெண்ணுக்கு விடுதலையில்லை என்று பெரியார் வாதிட்டார். நம் இயக்கங்கள் அதைப் பெண்கள் பிரச்சினையாக மட்டுமே வாசித்துவந்திருக்கின்றன. அந்தச் சொல் ஆணின் ரத்தக்குழாயையும் சேர்த்தே இறுக்குகிறது என்பது உடலியல் தரும் கூடுதல் சாட்சியம். நம் கூட்டங்களில் இதை ஆண்கள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தால் சுவரொட்டிக்காரனின் முதலில் பாதி போய்விடும்.