பழைய ரோமன் காசு வாங்கினா பணம் பெருகுமா?

"1,700 வருஷம் பழைய ரோமன் காசு, நல்ல முதலீடுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். எமர்ஜென்சி ஃபண்டை எடுத்து வாங்கப் போகிறாராம். கொஞ்சம் பொறுங்க.

பழசு என்பதாலேயே விலை ஏறாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக் காசுகளை ஏராளமாக அச்சடித்தார்கள். இன்றும் நிறைய கிடைக்கின்றன, அதனால் தேய்ந்த காசு மலிவு. ஆனால் ஏதென்ஸின் ஆந்தை வெள்ளிக்காசு, சுமார் 17 கிராம், அதைவிடப் பழசு. விலையும் பல மடங்கு. காரணம் வயது இல்லை. வெள்ளி, காசின் நிலை, கேட்கிற ஆட்கள், இதெல்லாம்தான்.

இதில் வட்டியும் வராது, டிவிடெண்டும் வராது. விற்கப் போனால் வியாபாரி தன் லாபத்தைக் கழித்துத்தான் தருவார். 100 வருஷம் தாண்டிய காசு என்பதால் 1972 தொல்பொருள் சட்டப்படி நீங்களாக வெளிநாட்டுக்கு விற்கவும் முடியாது. போலி என்றால் மொத்தமும் போச்சு!

அப்போ வேண்டாமா? ஹாபியா வெச்சுக்கோங்க, ஆனா தனியா வேண்டாம். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கேட்டலாக் புத்தகமும் சின்னத் தராசும் வாங்குங்க. ஒருத்தர் எடை பார்க்கட்டும், இன்னொருத்தர் ஓரத்தைப் பார்க்கட்டும். வார்ப்புக் கோடு தெரிந்தால் உஷார். யார் எவ்வளவு போட்டார், எந்தக் காசு யாருடையது என்று முதல் நாளே எழுதிடுங்க. பில் கட்டாயம்.

"கரூர் ஆத்துல கிடைச்சது" என்று யாராவது பில் இல்லாமல் நீட்டினால் வாங்காதீங்க. அங்கே ரோமன் காசுகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் புதையலை கலெக்டரிடம் தெரிவிக்கணும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

எஸ்ஐபி போன பிறகு மிஞ்சும் காசில் மட்டும் வாங்குங்க. பட்ஜெட்டில் அதைச் 'செலவு' என்றே எழுதுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!