புட்டும் ஒரு பூட்டுதான்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சூட்சுமம் உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களில் இருக்கிறது. சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடினாலோ குறைந்தாலோ தாழ் நகராது. நல்ல வீடியோ கேம் புதிரும் இப்படித்தான். அப்படியொரு புதிரைச் சமையலறையில் கண்டெடுத்தது கனடாவின் டொரண்டோவில் உள்ள ஒரு சின்ன நிறுவனம். பெயர் ‘விசை கேம்ஸ்’.

அபி என்ற தமிழரும் ஷாரின் கானும் தொடங்கிய நிறுவனம் இது. இவர்கள் உருவாக்கிய ‘வெண்பா’ என்ற கேம் 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியும் மகன் கவினும்தான் கதை. சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது, ஓட்டுவதற்குக் காரும் கிடையாது. வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியில் என்ன இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும்.

முதல் பாடம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் கேள்வி. நம் வீட்டில் யோசிக்காமல் கை தானாகச் செய்துவிடும் வேலை. ஆனால் அதற்குள் அசல் இயற்பியல் இருக்கிறது. இட்லியை வேகவைப்பது கொப்பரையின் சூடு மட்டுமல்ல. நீராவி மாவைத் தொட்டுத் திரும்ப நீராகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. அதே 100 டிகிரியில் வறண்ட காற்று இருந்தால் மாவு வேகாது, மெல்லக் காய்ந்துபோகும். ஆகவே ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேர வழி வேண்டும். மாவு உப்ப மேலே இடமும் வேண்டும். அதனால்தான் கீழ்த்தட்டின் குழிக்கு நேர்மேலே மேல்தட்டின் குழி வராமல் திருப்பி வைக்கிறோம்.

புட்டு இன்னும் கறார். மாவு பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் கூடினால் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகள் அடைபட்டு ஆவி ஏறாது. குழலின் அடியில் ஓட்டைச் சில்லு போட மறந்தால் மாவு அப்படியே பானைக்குள் போய்விடும். வரிசை தப்பினால் பூட்டு திறக்காது.

இந்தியாவில் கேம் தொழில் புதிதல்ல. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்குக் கலைவேலை செய்தே பேர் வாங்கியது. 2019இல் ராக்ஸ்டார் என்ற கேம் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அடுத்தவர் கதைக்குச் சுவரும் காரும் வரைவது வேறு, நம் அடுப்பை நாமே பற்றவைப்பது வேறு. விசையின் சாதனை என்று நான் நினைப்பது அதைத்தான். இட்லி என்றால் என்னவென்றே தெரியாதவரும் விளையாடும்படி செய்தார்கள். அதற்காக இட்லியை வேறொன்றாக மாற்றவில்லை. கேமில் வரும் வானொலியில் ஒலிக்கும் பாட்டுகூட அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமா மெட்டின் சாயலில் புதிதாக இசையமைத்ததுதான்.

2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் ‘வெண்பா’வுக்கு வந்தன. ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது பலருடைய குறை. எனக்கும் அந்தக் குறை உண்டு. கேமில் பிரியாணியும் வருகிறது என்றாலும், திண்டுக்கல்காரருக்கு அது போதுமா? சீரகச் சம்பாவுக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழைந்துவிடும், குறைந்தால் நடு அரிசி வேகாமல் நிற்கும். தம் போட்டபின் திறந்து பார்க்கவும் முடியாது. புதிருக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?